மறைத்து விழுங்கும் குளிசை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிப் போகும் ஏ-35 வீதியில், தர்மபுரத்தைத் தாண்டியதும் வருவது விசுவமடு. கிளினிக் நாள்களில் விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கிறவர்களை அங்கே எளிதில் அடையாளம் காணலாம். கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் அட்டை மடங்கிப்போன கிளினிக் கொப்பி, முடிந்துபோன குளிசை மட்டைகள். சலரோகக்காரர் தன் சீனி அளவைப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வார். பிரஷர்காரர் போன மாதம் குளிசை மாற்றித் தந்த கதையைச் சொல்வார். இப்படிக் கொப்பியும் கையுமாக நிற்க முடியாத நோய் ஒன்றும் உண்டு. அதற்கும் நாள்தோறும் குளிசை, அதற்கும் இரத்தப் பரிசோதனை, அதற்கும் தவணை. ஆனால் எச்.ஐ.வி சிகிச்சைக்குப் புறப்படுகிறவர், "எங்க போறீங்கள்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேறொரு காரணத்தை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் இந்தத் தொற்று குறைவு. வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவையும் எட்டவில்லை. இருந்தும் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை கூடி வருகிறது. 2022இலும் 2023இலும் ஆண்டுக்கு 600 பேருக்கு மேல் பதிவானார்கள். நோயாளர் தொகை குறைவாக இருப்பது நாட்டுக்கு நல்ல செய்திதான். ஆனால் தொற்றுள்ள அந்த ஒருவருக்கு அதுவே தனிமையாகிவிடுகிறது. சலரோகத்தைப் பற்றிப் பேச ஊரில் நூறு பேர் இருப்பார்கள். இவருக்கு யார் இருக்கிறார்கள்? இந்த நோயில் மருந்து ஒழுங்காக உடலுக்குள் போகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

மருந்தைப் பொறுத்தவரை இன்று குறை சொல்ல அதிகம் இல்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் முதல் தெரிவாகக் கொடுக்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே குளிசை. நாளுக்கு ஒன்று. 1990களின் பிற்பகுதியில் இதே நோய்க்கு ஒரு நாளில் பத்துப் பதினைந்து மாத்திரைகள் வரை, சிலவற்றை வெறும் வயிற்றிலும் சிலவற்றைச் சாப்பாட்டோடும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று விழுங்க வேண்டியிருந்தது. அதையும் மனிதர்கள் விழுங்கினார்கள்; பிழைத்தார்கள்.

ஏன் ஒரு நாளும் விடக்கூடாது? காரணம் வைரசின் வேகத்தில் இருக்கிறது. மருந்து எடுக்காத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி வைரசுகள் உருவாகின்றன என்று 1996இல் டேவிட் ஹோவும் அலன் பெரல்சனும் அவர்களுடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்த வைரசு தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை விடும். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வைரசுக்கே கேடு. சில மட்டும், மருந்து வந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடுகின்றன. இரத்தத்தில் மருந்து போதிய அளவில் இருக்கும்வரை வைரசு பெருகுவதில்லை. பெருகாததால் பிழை விடவும் வாய்ப்பில்லை. மருந்து முற்றாக இல்லாவிட்டால் வைரசு பெருகும், ஆனால் மருந்தை எதிர்க்கும் வகைக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆபத்து நடுவில்தான். மருந்து அரைகுறையாக இருக்கும் நாள்களில் சாதாரண வைரசு சாகும், மருந்துக்கு மசியாத வகை மட்டும் தப்பிப் பெருகும். விட்டு விட்டுக் குளிசை எடுப்பவரின் உடலுக்குள் நடப்பது இதுவே.

இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. குளிசை வைரசை அழித்து ஒழிப்பதில்லை. நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் சிலவற்றின் மரபுக்கூற்றுக்குள்ளேயே அது புகுந்து உறங்குகிறது. அந்த உறக்கத்தில் மருந்தால் அதைத் தொட முடியாது. குளிசையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களுக்குள் இரத்தத்தில் வைரசு திரும்பி வந்துவிடும். குளக்கட்டுக் காக்கும் வன்னி விவசாயிக்கு இது சட்டென்று விளங்கும்: கட்டு நின்றதால் தண்ணீர் வற்றிப் போய்விடவில்லை, கட்டுக்குப் பின்னால் அதே அளவில் நிற்கிறது.

"இப்ப நல்லாத்தானே இருக்கிறன், இன்னும் ஏன் குளிசை?" என்று கேட்காத நோயாளி குறைவு. மருத்துவர்களே ஒரு காலத்தில் இதைக் கேட்டார்கள். பக்கவிளைவுகளையும் செலவையும் குறைக்க, உடல் தேறியவர்களுக்குச் சிறிது காலம் மருந்தை நிறுத்திவைத்தால் என்ன என்று பார்க்க ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரோடு நடந்தது. ஒரு பகுதியினர் இடைவிடாமல் மருந்து எடுத்தார்கள். மறு பகுதியினருக்கு சி.டி.4 எண்ணிக்கை 250க்குக் கீழே இறங்கும் வரை மருந்து நிறுத்தப்பட்டு, இறங்கியதும் மீண்டும் தொடங்கப்பட்டு, 350ஐத் தாண்டியதும் மறுபடி நிறுத்தப்பட்டது. சி.டி.4 என்பது வைரசு குறிவைத்துத் தாக்கும் வெள்ளணு. ஆரோக்கியமானவர்களில் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 2006 ஜனவரியில் ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்தை விட்டு விட்டு எடுத்தவர்களிடம் சந்தர்ப்பவாதத் தொற்றும் மரணமும் 2.6 மடங்காக இருந்தன. யாரும் எதிர்பாராத வகையில் இருதயம், சிறுநீரகம், ஈரல் நோய்களும் அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. வைரசு பெருகும்போது உடல் முழுவதும் ஓயாத அழற்சியில் கிடக்கிறது என்பது அந்த ஆய்வுக்குப் பிறகு அழுத்தமாகத் தெரிந்தது. அன்று முதல் 'மருந்து விடுமுறை' என்ற பேச்சு மருத்துவ உலகில் பெரிதும் அடங்கிவிட்டது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2000இல் டேவிட் பாட்டர்சன் குழுவினர் அமெரிக்காவில் செய்த சிறிய ஆய்வு ஒன்று இன்னும் நுணுக்கமானது. மருந்துப் போத்தலின் மூடிக்குள் ஒரு நுண்கருவியைப் பொருத்தினார்கள். மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் நாளும் நேரமும் பதிவாகும். 81 பேரின் பதிவுகள் கிடைத்தன. எடுக்க வேண்டியதில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கே சிகிச்சை தோற்றது. 80 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களில் அது 80 சதவீதமாக இருந்தது. அன்றைய மருந்துகள் இன்றையவற்றைவிடப் பலவீனமானவை. டொலுடெக்ராவிர் ஓரிரு தவறல்களைத் தாங்கக்கூடியது, அதற்கு எதிர்ப்பு உருவாவதும் கடினம். ஆகவே 95 என்ற எண்ணை இன்று வேதவாக்காகப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அந்த ஆய்வில் மறக்கக்கூடாத எண் வேறொன்று: தம் நோயாளிகளில் யார் ஒழுங்காக மருந்து எடுப்பார்கள் என்று மருத்துவர்கள் சொன்ன கணிப்பு, நூற்றுக்கு 41 பேர் விடயத்தில் பிழைத்தது. படித்தவர், நன்றாக உடுத்தவர், "ஓம் டொக்டர்" என்று பணிவாகத் தலையாட்டியவர் எல்லாம் குளிசையை ஒழுங்காக எடுப்பார் என்றில்லை. கூலிக்காரர், குடிகாரர் என்று முடிவு கட்டப்பட்டவர் எடுக்கமாட்டார் என்றும் இல்லை.

இந்த முன்முடிவு ஒரு முழுக் கண்டத்தின் மேலேயே சுமத்தப்பட்ட காலம் இருந்தது. 2001இல் அமெரிக்க சர்வதேச உதவி நிறுவனத்தின் தலைவராக இருந்த அண்ட்ரூ நட்சியோஸ், ஆபிரிக்கர்கள் பலருக்கு மணிக்கூடு பார்த்து நேரத்துக்கு மருந்தெடுக்கத் தெரியாது என்ற பொருளில் பேசினார். ஐந்து ஆண்டுகள் கழித்து எட்வர்ட் மில்ஸ் குழுவினர் ஆபிரிக்காவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் வட அமெரிக்காவில் 55 சதவீதம், சகாராவுக்குத் தெற்கே 77 சதவீதம். ஏழைக்கு மருந்தின் அருமை தெரியாது என்ற எண்ணம் நம் ஊர் மருந்துக் கவுண்டர்களிலும் சில வேளை தலைகாட்டுவதுண்டு. அதைக் கைவிட இந்த இரண்டு எண்களும் போதும்.

இலங்கையில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இன் கடைசியில். இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1987இல். இடையில் கழிந்த காலத்தில் மருந்து உலகில் இருந்தது, இங்கே வாங்கத்தான் வசதியில்லை. மும்மருந்துச் சிகிச்சை பலன் தருகிறது என்பது 1996இல் வன்கூவரில் நடந்த மாநாட்டில் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் ஒருவருக்கு ஓர் ஆண்டுச் செலவு பத்தாயிரம் டொலருக்கு மேல். 2001 பெப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீத் மும்மருந்துச் சிகிச்சையொன்றை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்த பிறகுதான் ஏழை நாடுகளுக்குக் கதவு திறந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய இடங்களில் சென்னைக்குப் பக்கத்துத் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

அந்த இடைக்காலத்தின் இலங்கை முகம் வைத்தியர் கமலிகா அபேரத்ன. குழந்தை மருத்துவ நிபுணர். 1990களின் நடுப்பகுதியில் வீதி விபத்தொன்றில் படுகாயமடைந்து, உயிர் காக்க ஏற்றிய இரத்தத்தின் வழியாகவே தொற்றுக்கு ஆளானார். பிறகு தன் பெயரோடும் முகத்தோடும் பொதுவெளியில் வந்து, இந்த நாட்டில் எச்.ஐ.வியோடு வாழ்பவர்களுக்கு மருந்து வேண்டும், மரியாதை வேண்டும் என்று கேட்டார். மருத்துவராக இருந்தும் அவரும் ஒதுக்கலை அனுபவித்தார். இலவச மருந்து வந்த அதே 2004இல் அவர் இறந்தார்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு முன்னோடி மருத்துவர் சுனிதி சாலமன். 1986இல் சென்னையில் பாலியல் தொழிலாளரிடமிருந்து அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்தவர்கள் இவர்கள்தான். 1993இல் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், தமிழ் பேசும் நோயாளிகள் ஏன் மருந்தைத் தவறவிடுகிறார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்ட மிகச் சில இடங்களில் ஒன்று. இலவச மருந்து பரவலாவதற்கு முந்திய அந்த நாள்களில் முதல் தடை பணமாக இருந்தது. அடுத்தது ஒளிவிடம் இல்லாமை: வீட்டில் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் எப்படி விழுங்குவது என்ற கவலை. பணத்தடை பின்னர் நீங்கியது. மற்றது அப்படியே இருக்கிறது.

மருந்தை ஒழுங்காக எடுத்தால் நோயாளி பிழைக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதியை நிரூபித்ததில் சென்னைத் தம்பதியருக்கும் பங்குண்டு. ஒருவருக்குத் தொற்று உண்டு, துணைக்கு இல்லை என்ற நிலையிலிருந்த 1,763 இணையர்கள் ஒன்பது நாடுகளில் எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வில் சேர்ந்தார்கள், ஒய்.ஆர்.ஜி. கேர் அதன் நிலையங்களில் ஒன்று. பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மறு பாதிக்கு அக்கால வழக்கப்படி சி.டி.4 குறைந்த பிறகு. 2011இல் வெளிவந்த முடிவில், துணையிடமிருந்தே வந்தது என்று மரபணுச் சோதனையில் உறுதியான தொற்றுகள் 28. அவற்றில் 27 காலந்தாழ்த்தியவர்கள் பக்கம், ஒன்றே ஒன்று உடனே தொடங்கியவர்கள் பக்கம். பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் இன்னும் தெளிவாக்கின: இரத்தத்தில் வைரசு அளவிட முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால், ஆணுறை இல்லாத உறவிலும் துணைக்குத் தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் அதை ஐயமறச் சொல்லிவிட்டது.

இந்தச் செய்தி இன்னும் நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை. எச்.ஐ.வி என்றதும் நினைவுக்கு வருவது எலும்பும் தோலுமான உருவமும் மண்டையோட்டுப் படமும் போட்ட பழைய சுவரொட்டி. குளிசையை ஒழுங்காக எடுக்கும் ஒருவர் தோட்டம் செய்கிறார், கல்யாணம் செய்கிறார், பிள்ளை பெறுகிறார். 20 வயதில் சிகிச்சை தொடங்கி, முதலாம் ஆண்டிலேயே வைரசு அடங்கி சி.டி.4 நன்றாக ஏறியவர்கள் 78 வயதளவில் வாழலாம் என்று ஐரோப்பிய, வட அமெரிக்கப் பதிவுகளைக் கொண்டு 2017இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிள்ளை பெறுவது பற்றி இலங்கை பெருமைப்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகும். தாய் குளிசையை ஒழுங்காக எடுத்து வைரசு அடங்கியிருந்தால் அது ஒன்றிரண்டுக்கும் கீழே போய்விடும். இந்த நாட்டில் கர்ப்பவதி கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாருக்கும் எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் மட்டுமல்லாமல், முல்லைத்தீவின் கடைசிக் குச்சு வீதி வரை சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய், பதிவு செய்து, கிளினிக்குக்கு வரவழைத்து, வராதவரைத் தேடிப்போகிற குடும்பநல மாதுகள் இருந்ததால் இது முடிந்தது. தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. ஒரு தாய் ஒன்பது மாதமும் நாள் தவறாமல் குளிசை எடுக்க வேண்டுமானால், அவளிடம் வீட்டு வாசலில் வந்து நலம் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை. மகப்பேற்றுக்குப் பிறகு அந்த ஆள் அடிக்கடி வருவதில்லை. தாய்மார் குளிசையை விடத் தொடங்கும் காலம் அதுவே என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன.

விசுவமடு, முல்லைத்தீவு மாவட்டத்தின் எல்லையில் இருக்கிறது. அடுத்த ஊரான தர்மபுரம் கிளிநொச்சி மாவட்டம். மேற்கே போனால் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலை, கிழக்கே போனால் புதுக்குடியிருப்பும் அதற்கப்பால் மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையும். எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் போய்விடும். கச்சான் பிடுங்கும் காலத்திலோ அறுவடையிலோ அது ஒரு முழு நாள் கூலி. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. எந்த வைத்தியசாலையில் தெரிந்த முகம் குறைவு? பக்கத்து வீட்டுப் பிள்ளை தாதியாக இருக்கும் இடத்தை விட்டு, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நினைப்பவர் தன் இரகசியத்தைக் காக்கிறார். தூரம் கூடுகிறது, செலவு கூடுகிறது, ஒரு மாதம் காசில்லாவிட்டால் தவணை தவறுகிறது. மருந்து இலவசம்தான், அதை எடுத்து வரும் வழி இலவசமில்லை.

வீட்டுக்குள்ளும் அது தொடர்கிறது. இந்தக் குளிசை பொதுவாக முப்பது அடங்கிய வெள்ளைப் போத்தலில் வரும். எடுத்தால் கலகலக்கும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறிய பொதியொன்று இருக்கும். மாமியாரும் மச்சாளும் பிள்ளைகளும் படுக்கும் இரண்டறை வீட்டில் போத்தலை எங்கே வைப்பது? லேபிளைக் கிழித்துவிடுகிறவர்கள், விற்றமின் போத்தலுக்குள் மாற்றுகிறவர்கள், சத்தம் கேட்கக் கூடாதென்று பஞ்சு அடைக்கிறவர்கள், கடதாசிச் சரையில் மடித்து அரிசிப் பானைக்குள் வைப்பவர்கள். இத்தகைய ஒளிப்புகளை ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆய்வாளர்கள் நிறையவே பதிவுசெய்திருக்கிறார்கள். சரையில் மடித்த குளிசை வன்னி மாரியின் ஈரத்தில் பழுதாகிவிடும். செத்த வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினால், கோயில் திருவிழாவுக்கு உறவினர் வந்து வீடு நிறைந்தால், அந்த நாள்களில் குளிசை இல்லை. மறதி என்று கிளினிக்கில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மறதி இல்லை. விழுங்க இடம் கிடைக்காமை.

ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கு இந்தச் சுமை இரட்டை. இலங்கையில் அண்மைக்காலத்தில் கண்டறியப்படும் தொற்றுகளில் பெரும்பங்கு இவர்களிடம்தான், பலர் இளைஞர்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஆங்கிலேயர் விட்டுப்போனவை, இன்னும் நீக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் மாற்றம் வரவில்லை. தன்னைப் பற்றி வாய் திறந்தாலே குற்றவாளியாகலாம் என்று அஞ்சும் ஒருவர் வைத்தியரிடம் எதைச் சொல்வார்?

ஊர்ப்பேச்சு எதுவரை போகும் என்பதற்கு 2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது சாட்சி. எச்.ஐ.வி இருக்கிறது என்று பரவிய வதந்தியின் பேரில் மட்டும் ஒரு சிறு பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடாமல் மற்றப் பெற்றோர் தடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. வதந்திக்கே இப்படி என்றால், தொற்றுள்ள ஒரு தாய் தன் குளிசைப் போத்தலை மறைப்பதில் என்ன வியப்பு?

மருந்துத் தொடர் அறுவது என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இறுதிப் போரின்போது, 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும், நோயாளிகளோடு வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன: கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், பிறகு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று. இன்சுலினுக்கும் வலிப்புக் குளிசைக்கும் காசநோய் மருந்துக்கும் என்ன நடந்தது என்பதை அந்த வீதியில் நடந்தவர்கள் அறிவார்கள். 2020 ஊரடங்கில் பேருந்து நின்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கள் கழிந்தன. ஊரடங்குக் காலத்தில் எச்.ஐ.வி நோயாளிகளுக்குத் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தபால் வழியாகக் குளிசை அனுப்ப வழி செய்தது. நல்ல ஏற்பாடு. உடல் நிலை சீராக உள்ளவருக்கு மாதாமாதம் அலைக்கழிக்காமல் மூன்று மாதம், ஆறு மாதத்துக்குரிய மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விசுவமடு போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மனிதத் தொடர்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும் என்று காட்டியது கென்யா. 2010இல் வெளியான ஆய்வில், 538 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை கைத்தொலைபேசியில் ஒற்றைச் சொல்லில் ஒரு குறுஞ்செய்தி போனது: சுகமா? என்ற கேள்வி மட்டும். எச்.ஐ.வி என்றோ மருந்து என்றோ ஒரு சொல் இல்லை. வேறு யாரும் பார்த்தாலும் கவலையில்லை. சுகம் அல்லது பிரச்சினை என்று இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்றவரையும் பதில் போடாதவரையும் தாதி அழைத்துப் பேசுவார். ஓராண்டு முடிவில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், பெறாதவர்களில் 50. வைரசு அடங்கியவர்களும் அவர்களிடமே கூடுதல்.

குளிசை தவறினால் என்ன செய்வது என்ற நடைமுறைக் கேள்விக்கு விடை எளிது: நினைவு வந்ததும் எடுப்பது; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் எடுப்பது; இரண்டைச் சேர்த்து விழுங்காதிருப்பது. பல நாள் தவறியிருந்தால் ஒளிக்காமல் கிளினிக்கில் சொல்வது. தவறியதைச் சொன்ன நோயாளியை ஏசி அனுப்பும் கிளினிக், அடுத்த முறை பொய்யைத்தான் கேட்கும். கர்ப்பவதிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளும் நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் சில மருந்துகளும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். ஆகவே அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இதை எடுக்க வேண்டும். இரும்பையும் கல்சியத்தையும் சாப்பாட்டோடு இதனுடன் சேர்த்தும் எடுக்கலாம். சலரோகத்துக்கு மெட்போர்மின் எடுப்பவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் டொலுடெக்ராவிர் நாளுக்கு இரண்டு தடவை தேவைப்படும். இவற்றையெல்லாம் மருத்துவர் சரிசெய்ய முடியும், எச்.ஐ.வி குளிசை எடுக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால். அதையும் மறைத்தால் வழியில்லை.

ஒழுங்காக எடுக்கிறாரா என்று கண்டுபிடிக்க நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் வைரசின் அளவைப் பரிசோதிப்பார்கள். ஒரு மில்லிலீற்றரில் ஆயிரத்துக்கு மேல் என்று வந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. உட்கார்ந்து பேசி, ஏன் விடுபட்டது என்று கண்டறிந்து, மூன்று மாதம் ஒழுங்காக எடுக்க உதவிவிட்டு மறுபடி பார்ப்பார்கள். மிகப் பலருக்கு அந்த மூன்று மாதத்திலேயே வைரசு அடங்கிவிடுகிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிச் சிகிச்சை பணக்கார நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தொற்றாமல் காப்பதற்கு ஆண்டுக்கு இரண்டே தடவை போடும் லெனகாபாவிருக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஒளித்து வைக்கப் போத்தல் இல்லை என்பதே இவற்றின் பெரிய அருமை. வன்னிக்கு அவை வந்து சேரும்வரை, மாவட்டங்களிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, தன் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விசுவமடுக்காரர் மேற்கேயும் போகலாம், கிழக்கேயும் போகலாம். இரத்தத்தில் தொற்று இருப்பது உறுதியானால், சி.டி.4 எண்ணிக்கை இறங்கட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருந்து தொடங்கப்படும்.